ஆர்வத்துக்கு மூன்று நகல்

விசா விண்ணப்பப் படிவத்தைக் கண்டுபிடித்த மகான் யாரோ, அவருக்கு மயிலாப்பூரில் ஒரு சிலை வைக்காமல் விட்டது நம் ஊர் செய்த பெரிய தப்பு. மெட்ரோ வேலை முடிந்து லஸ் முனையில் இடம் காலியானால் முதல் சிலை அவருக்குத்தான் என்று இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.

பின்னே என்ன? ஒருவனுக்குப் பாட்டிலோ ஆட்டத்திலோ நிஜமான ஆசை இருக்கிறதா, சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறானா என்று கண்டுபிடிக்க நம் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? வாத்தியார் வீட்டுத் திண்ணையில் காக்க வைத்தார்கள். கடைக்கு அனுப்பினார்கள். துணி தோய்க்கச் சொன்னார்கள். வருஷம் ஒன்று ஓடிய பிறகுதான் 'ஸா' என்று வாயைத் திறக்க விட்டார்கள். அப்படியும் சில பேரிடம் ஏமாந்தார்கள். அப்புறம் மகான் வந்தார். எட்டுப் பக்கம், இரண்டு போட்டோ, வங்கி ஸ்டேட்மென்ட், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஆசை எத்தனை கிலோ என்று முள் காட்டிவிட்டது.

நான் வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். கடைசி ஒன்பது வருஷம் தி.நகர்ப் பக்கம் ஒரு கிளையில் மேனேஜர். அதனால் இந்தப் படிவத்தின் நயம் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிபடும். வித்வான்கள் சுருதியில் லயித்துத் தலையாட்டுவது போல நான் மூன்று மாத நிலுவையைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

எங்கள் தெருவில், கபாலி கோயில் தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வீணை மாமி இருக்கிறார். நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் அவரிடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சுற்றுலா விசாவில் வந்தவள். ஊர் சுற்றவில்லை; மாமியின் ஹாலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. மகாபலிபுரம்கூடப் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணி என்ற பட்டத்துக்கே அவளால் களங்கம்.

இந்த இடத்தில் நம் அரசாங்கத்தின் சங்கீத ஞானத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றுலா இ-விசாவில் வருகிறவர் இங்கே மொழி, இசை, நடனம், கைவினை, சமையல் எல்லாம் கற்கலாம் என்று விதியே இருக்கிறது. மூன்று நிபந்தனைகள்தான். ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. முறையான பாடத்திட்டமாக இருக்கக் கூடாது. முடிவில் சான்றிதழ் எதுவும் தரக் கூடாது. இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. புரந்தரதாசர் மாயாமாளவகௌளையில் தொடங்கச் சொன்னார். எங்கே நிறுத்துவது என்று சொல்லாமல் போனார். அந்தக் குறையை உள்துறை அமைச்சகம் நிறைவு செய்திருக்கிறது. சாதாரணமாக ஆறு மாதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் முடிந்து கீதம் ஒன்றிரண்டு வரும். ஆக கீதம் வரைக்கும் சுற்றுலா. வர்ணத்தில் கை வைத்தால் படிப்பு. எல்லைக்கோடு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது பாருங்கள். எந்த லட்சண கிரந்தத்திலும் இந்தத் தெளிவு இல்லை.

அந்தப் பெண் வர்ணத்தில் கை வைக்க ஆசைப்பட்டாள். அங்கேதான் வினை. சுற்றுலா விசாவை இங்கே இருந்தபடியே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது. ஊருக்குத் திரும்பிப் போய், புதிதாக விண்ணப்பித்து, உண்மையான ஆர்வத்தை நிரூபித்து, அப்புறம் வரவேண்டும். ஆர்வம் உள்ளவள்தானா என்று பார்க்க முதலில் அவளைக் குருவிடமிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைக்கிறார்கள். விரகத்தில்தான் பக்தி முற்றும் என்பது ஆழ்வார்கள் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

புறப்படுவதற்கு முன் காகிதங்களைத் தயார் செய்ய மூன்று பேரும் மாமி வீட்டு ஊஞ்சலைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்தான் எழுத்தர்.

"கல்வி நிறுவனத்தின் பெயர்?"

மாமி ஊஞ்சலைக் காலால் உந்தி நிறுத்தினார். "நிறுவனமா? என்ன மேனேஜர் சார், நான்தான் இருக்கேன்."

"பாட நேரம்?"

"குக்கர் மூணாவது விசில் அடிச்சப்புறம்."

"வாரத்துக்கு எத்தனை மணி?"

"அது அவ கையைப் பொறுத்தது. வந்தா ரெண்டு மணி உட்காருவோம். வரலைன்னா காபி குடிச்சுட்டு அனுப்பிடுவேன்."

"அங்கீகார எண்?"

இதற்கு மாமி பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பாக்கு வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பதில் வராது என்பதற்கு அது அடையாளம்.

படிவத்தின் பெருந்தன்மையைப் பாருங்கள். நாற்பது வருஷம் தான் என்னவாக இருக்கிறோம் என்று அறியாமலே இருந்த ஒரு மூதாட்டிக்கு, தான் ஒன்றுமே இல்லை என்று ஒரே பக்கத்தில் உணர்த்திவிட்டது. வேதாந்திகள் இதற்கு ஒரு பிறவி கேட்பார்கள்.

ஆனாலும் விடவில்லை. ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் ஒரு அச்சகத்தில் மாமிக்கு லெட்டர்ஹெட் அடித்தோம். தலைப்பில் சரஸ்வதி, இடது மூலையில் போன் நம்பர். நூற்றுக்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்றார் அச்சகக்காரர். ரப்பர் ஸ்டாம்பும் செய்தோம். மாமி முதல் தடவை ஸ்டாம்பை மையில் ஒற்றிக் குத்தியபோது அது தலைகீழாக விழுந்தது. இரண்டாம் தடவை சரியாக விழுந்ததும் அவர் முகத்தில் வந்த பிரகாசம், மியூசிக் அகாடமியில் முதல் கச்சேரி கிடைத்திருந்தால்கூட வந்திருக்காது. (அகாடமி அவருக்குக் கச்சேரி கொடுத்ததில்லை. அது வேறு கதை.)

இதே மயிலாப்பூரில் கௌரி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். கபாலீசுவரர் கோயிலின் நாட்டியக்காரர். அபிநயத்துக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்றிருந்த காலம். பாலசரஸ்வதி அவரிடம் கற்றார். ருக்மிணி தேவி கற்றார். மிச்சிகனில் எஸ்தர் ஷெர்மன் என்ற பெயரில் பிறந்து, ராகினி தேவி என்று பெயர் மாற்றிக்கொண்டு, காஷ்மீரத்துப் பெண் என்று அமெரிக்க மேடைகளில் சொல்லிக்கொண்டு ஆடிய அம்மையாரும் கடல் தாண்டி வந்து அவரிடமே கற்றார். கௌரி அம்மாளிடம் லெட்டர்ஹெட் இல்லை. ராகினி தேவியிடம் பிறந்த ஊர் பற்றிய உண்மை இல்லை. இப்படி இரண்டு பக்கமும் ஓட்டையான ஒரு குரு-சிஷ்ய உறவை நம் படிவம் ஒரு நிமிஷம்கூடச் சகித்திருக்காது. அந்தக் காலத்தில் படிவம் இவ்வளவு வளரவில்லை. அதன் பலனாக இந்திய நாட்டியம் மேல்நாட்டு மேடை ஏறித் தொலைத்தது.

அடுத்து வந்தது நோக்கக் கடிதம். ஏன் இந்தியா, ஏன் இந்தக் கலை, ஏன் உங்கள் நாட்டிலேயே இதைக் கற்கக் கூடாது, படித்து முடித்து என்ன செய்வீர்கள்? அந்தப் பெண் தானாக எழுதியது இரண்டே வரி. மாமி தோடி வாசித்தபோது தனக்கு அழுகை வந்ததாகவும், ஏன் என்று தெரியவில்லை என்றும், தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

நான் பதறிப்போய் அடித்தேன். "ஏன் என்று தெரியவில்லை" என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதலாமா? கடன் கேட்டு வருகிறவன் எதற்குக் கடன் என்று தெரியவில்லை என்றால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? அவள் வரிகளை எடுத்துவிட்டு, தென்னிந்தியச் செவ்வியல் இசையின் பன்முகப் பண்பாட்டுக் கூறுகளை ஒப்பாய்வு செய்து இரு நாட்டு நல்லுறவுக்குப் பங்களிப்பதே தன் நோக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "இது யாரைப் பற்றி?" என்று கேட்டாள். நல்ல கடிதத்துக்கு அதுதான் அடையாளம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், இந்தப் படிவம் முன்னாலேயே வந்திருந்தால் இந்த ஊர் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

முத்துசுவாமி தீட்சிதர், சிதம்பரநாத யோகி கூப்பிட்டார் என்று காசிக்குக் கிளம்பிப் போய் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வருவதற்கு டிக்கெட் காட்டினாரா? திரும்பியபின் என்ன வேலை பார்ப்பார் என்று எழுதிக் கொடுத்தாரா? அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார் ஆதரவில் சென்னையில் இருந்த நாளில், ஆங்கிலேயர் பேண்டில் வயலினைக் கேட்டு மயங்கி ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். எந்த நிறுவனம், என்ன பாடத்திட்டம், கற்றபின் என்ன பயன்? ஒன்றும் கிடையாது. அந்த ஒழுங்கீனத்தால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு கச்சேரி மேடையிலும் பாடகருக்குப் பக்கத்தில் ஒரு வயலின் உட்கார்ந்திருக்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் மோசம். 1710-ல் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்த பெஸ்கி பாதிரியார் மதம் பரப்பத்தான் வந்தார். தமிழில் ஆர்வம் உண்டா என்ற கட்டம் இருந்திருந்தால் அதைக் காலியாக விட்டிருப்பார். அப்புறம் தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார், வீரமாமுனிவர் ஆனார். இன்றைக்கு நீங்கள் 'பேர்' என்று எழுதும்போது போடுகிற இரட்டைச் சுழிக் கொம்புகூட அவர் செய்த திருத்தம் என்கிறார்கள். ஜி.யு. போப் 1839-ல் வந்தபோது பத்தொன்பது வயசுப் பையன். அவரும் வந்தது ஊழியத்துக்கு. திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1886-ல்; திருவாசகத்தை 1900-ல். விண்ணப்பத்துக்கும் ஆர்வத்துக்கும் நடுவில் அரை நூற்றாண்டு இடைவெளி. இந்த இரண்டு பேருக்கும் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரீனாவில் சிலை வைத்துவிட்டோம். வந்த காரணம் ஒன்று, செய்தது வேறு என்று விசா விதியை அப்பட்டமாக மீறியவர்களுக்குக் கடற்கரையில் சிலை! மகானுக்கு லஸ்ஸில் இடம் கேட்பது இதற்காகத்தான்.

ருக்மிணி தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1904. அன்னா பாவ்லோவாவைப் பார்த்து முதலில் பாலே பக்கம் போனார். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா சொல்லித்தான் இந்தப் பக்கம் திரும்பினார். அடையாறு பிரம்மஞான சபையில் 1935 டிசம்பரில் மேடை ஏறியபோது வயசு முப்பத்தொன்று. இன்றைய படிவம் விடுமா? படிப்பில் இத்தனை வருஷ இடைவெளி ஏன், துறையை ஏன் மாற்றினீர்கள், இந்த வயதில் எதற்கு என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கும். 1936-ல் கலாக்ஷேத்ராவும் வந்திருக்காது. 1993-ல் நாடாளுமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் போட்டு முக்கியத்துவம் வாய்ந்த தேசிய நிறுவனமாக அறிவிக்கும் சிரமமும் மிச்சமாகியிருக்கும்.

ஜான் ஹிக்கின்ஸ் ஒருவர்தான் தேறுவார். ஃபுல்பிரைட் உதவித்தொகை இருந்தது, வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருந்தது, காகிதம் சுத்தம். டி. விசுவநாதனிடம் கற்றுத் திருவையாற்று ஆராதனையில் பாடினார். அதன்பின் ஊர் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கூப்பிட ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர். இதையும் விசாரிக்க வேண்டும்தான்; ஆனால் 1984-ல் விபத்தில் போய்விட்டார்.

நம் படிவம் மட்டும் இப்படி என்று யாரும் கர்வப்பட வேண்டாம். இந்தக் கலையில் உலகமே நமக்குச் சகபாடி. தி.நகரில் என் கிளைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்கு இதில் ஞானமே பிறந்தது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவன் முடக்கிவைத்த கணக்கு ஒன்றில் ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. மாதத்துக்கு 992. கதேயின் மேல் உள்ள காதல் மாதம் 991 யூரோ என்றால் அது காதல் இல்லை. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் 'உண்மையான மாணவர்' என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது. கேள்விக்கு 150 சொல்லுக்குள் உண்மையாக இருந்து காட்டவேண்டும். 151-ஆவது சொல்லில் பொய் புகுந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெமினி மேம்பாலத்தடியில் விடியற்காலையில் கோப்போடு நிற்கிறார்களே, அவர்கள் சந்திக்கப் போகும் அமெரிக்கச் சட்டம் இன்னும் உயர்ந்தது: வருகிறவன் திரும்பிப் போக மாட்டான் என்றே வைத்துக்கொண்டுதான் அது பேச ஆரம்பிக்கும். இல்லை என்று காட்டுவது வந்தவன் பாடு. ஜப்பானில் கலாசார நடவடிக்கை விசா என்று தனியாகவே ஒன்று உண்டு. தேநீர்க் கலையோ மலர் அடுக்கும் கலையோ கற்கலாம்; சொல்லித்தரும் ஆசானும் தன் சாதனைகளுக்கு ஆதாரம் கொடுக்கவேண்டும். குருவையும் சேர்த்துச் சந்தேகிப்பதில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல்.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. நோக்கக் கடிதம் எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். நான் பார்த்த கடிதங்கள் அத்தனையும் 'சிறு வயதிலிருந்தே' என்றுதான் தொடங்கின. சிறு வயதிலிருந்தே சப்ளை செயின் மேனேஜ்மென்டில் ஈடுபாடு கொண்ட குழந்தைகள் இத்தனை பேர் பாண்டி பஜாரில் பலூன் வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பணம் பெரியப்பாவிடமிருந்து வரும். மூன்று மாதம் கணக்கில் தூங்கும். ஸ்டேட்மென்டில் நான் சீல் குத்திக் கொடுத்த மறுநாள் பெரியப்பாவிடமே போய்ச் சேரும். அந்தப் பணம் கணக்கில் இருந்த நாள் வரைக்கும் பையனுக்கு ஆர்வம் இருந்தது என்பதற்கு நானே சாட்சி.

இத்தனை ஆதாரத்துக்கும் பிறகு சந்தேகம் உள்ளவர்கள் பழவந்தாங்கல் விசா பிள்ளையாரிடம் போகிறார்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் ஐதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜி. அங்கே பதினோரு சுற்று. காரியம் முடிந்தால் நூற்றெட்டு. இந்த இரண்டு தெய்வமும் இதுவரை வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை. நிர்வாகம் தெரியாதவர்கள்.

ஔவை தொண்டைமானின் ஆயுதசாலைக்குப் போய், பீலி சூட்டி நெய் பூசி வைத்திருந்த வேல்களைப் பாராட்டிவிட்டு வந்த மாதிரி, நம் பெண்ணின் கோப்பை நான் பாராட்டி அனுப்பினேன். பளபளவென்று பிளாஸ்டிக் உறைகள், வண்ணப் பிரிப்புத் தாள்கள், மாமியின் லெட்டர்ஹெட் மூன்று நகல், என் கடிதம். அவள் ஸ்வரம் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் மட்டும் முனை மடங்கி, எண்ணெய் ஏறி, தைத்த நூல் விட்டுக் கிடந்தது. அதைக் கோப்பில் சேர்க்கவில்லை. அசிங்கமாக இருந்தது.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். காகிதத்தில் குறை இல்லையாம். கைரேகை எடுக்கும் இடத்தில்தான் தடங்கல். இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கருவியில் விழவில்லை. வீணை வாசிக்கிறவர்கள் யாருடைய இடது கையையாவது திருப்பிப் பாருங்கள். தந்தி அறுத்து அறுத்து அந்த இரண்டு விரல் நுனியிலும் கோடு விழுந்து காய்த்திருக்கும். ஆறு மாத சாதகத்தில் அவளுக்கும் அது விழுந்துவிட்டது. கருவி மூன்று தடவை சிவப்பு விளக்கு காட்டியதாம். கிரீம் தடவிக்கொண்டு, தோல் மிருதுவானபின் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரம் எந்தக் கம்பியையும் தொடவேண்டாம் என்று அறிவுரையும் சொன்னார்களாம். ஆர்வம் உண்மைதானா என்று சரிபார்க்கிற இடத்தில், ஆர்வம் குறுக்கே நின்றால் எடுத்துவிட்டு வரச் சொல்வதில் தவறென்ன?

மாமியிடம் சொன்னேன். "கிரீம் தடவினா போகாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் இடது கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

நம் விஷயத்தில் படிவம் காட்டும் கருணையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கபாலி கோபுரம் தெரிகிற தூரத்தில் பிறந்தவர்களுக்கு இதிலெல்லாம் பிறவி விலக்கு. கடைசியாக எந்தக் கச்சேரியை மங்களம் வரை உட்கார்ந்து கேட்டீர்கள் என்று நம்மை யாரும் கேட்பதில்லை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஏன் கேன்டீன் பக்கம் நடந்தீர்கள், அடைக்கும் அவியலுக்கும் நடுவில் அது என்ன ராகம் என்று தெரியுமா, இந்த வீட்டில் பரணில் கிடக்கிற தம்பூராவுக்கு எத்தனை தந்தி மிச்சம்? எதுவும் கேட்பதில்லை. கேட்டால் இந்தத் தெருவில் எத்தனை பேருக்கு மூன்று மாதம் தங்க அனுமதி கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமிக்குக் கிடைக்கும். எனக்குக் கிடைக்காது, டிசம்பரில் நான் போவது கேன்டீனுக்குத்தான்.

விரல் மிருதுவாகி ரேகை விழுந்துவிட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் கீதமே மறந்து போயிருக்கும். அவள் மறுபடி சுற்றுலாவுக்குத் தகுதி பெற்றுவிட்டாள்.

நூறு லெட்டர்ஹெட்டில் மூன்று போயிற்று. மிச்சத் தொண்ணூற்றேழின் பின்பக்கத்தில் மாமி பால் கணக்கு எழுதுகிறார். ஆவின், அரை லிட்டர், தினம் இரண்டு.